காப்பு அவிழும் வரை

2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலை முதலே ஆடிக்காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. அண்ணாமலையின் உச்சியை மேகம் மூடியிருந்தது. எனினும் ஒரு துளி மழையும் விழவில்லை. கிரிவலப் பாதையில் எழுந்த புழுதி, சாத்திய கதவுகளின் இடுக்கு வழியே புகுந்து, மூடி வைத்த குடிநீரிலும் படிந்தது.

அன்று மாலை எங்கள் ஊராகிய அடி அண்ணாமலையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்பு என்பது மஞ்சள் தோய்த்த நூலில் மஞ்சள் கிழங்கையும் வேப்பிலையையும் சேர்த்து மணிக்கட்டில் கட்டுவதாகும். அதைக் கட்டிக்கொண்டவர், அடுத்த செவ்வாய்க்கிழமை அது அவிழ்க்கப்படும் வரை ஊர் எல்லையைத் தாண்டலாகாது. அவர் வீட்டில் தீட்டும் நேரலாகாது. சாவுச் செய்தி வந்துவிட்டால் காப்பை அறுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கோவில் காரியங்களுக்குத் தலைமை ஏற்ற வீட்டுக்கு அச்செய்தி வருமானால் திருவிழாவே நின்றுவிடும். ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் ஊர் வழக்கப்படி, தீட்டு என்பது சாவு நேர்ந்த நொடியில் தொடங்குவதன்று. சாவைக் காதால் கேட்ட நொடியில் தொடங்குவது. கேளாத சாவுக்குத் தீட்டில்லை.

முந்தைய ஆண்டில் இவ்வழக்கம் ஊரைச் சோதித்தது. தலைமை ஏற்றிருந்தவரின் மைத்துனர் பம்பாயில் இறந்த செய்தி, கூழ் காய்ச்சிக்கொண்டிருந்த வேளையில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது. அண்டா அண்டாவாகக் காய்ச்சிய கூழைக் குழி வெட்டி ஊற்றினார்கள். அதன்பின் மழையும் பொய்த்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஊரார் பலர் நம்பினர். அப்படி நம்பியவர்களுள் முதன்மையானவர், இவ்வாண்டு தலைமை ஏற்ற அப்பாதுரை.

அந்த மின்னஞ்சல் வந்து சேர்ந்த இடம் எழிலின் கடை. கிரிவலப் பாதையை ஒட்டி, இரண்டு கணினிகளும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பும் கொண்டு அவன் நடத்திவந்த இணைய நிலையம் அது. ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய வெளிநாட்டினர் சிலர், அங்கே கட்டணம் கம்மி என்று மிதிவண்டியில் வந்து போவர். இணையமும் தொலைபேசியும் ஒரே கம்பியில் இயங்கியமையால், ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று வாய் திறவாது.

காப்புக் கட்டுவதற்குச் சற்று முன்பு அப்பாதுரை அக்கடைக்கு வந்தார். அவருடைய கையில் மஞ்சள் நூல் இருந்தது.

"எழிலு, கடையச் சாத்துடா. செவ்வாக்கிழம வரைக்கும் நெட்டு கிடையாது."

"இன்னா பெரியப்பா இது? கட ஊருக்குள்ளதான கீது? நான் எங்கயும் போவலையே."

"நீ போவல. ஒயரு போவுதே! அது எங்க போவுது, சொல்லு."

"எக்சேஞ்சுக்கு."

"அதுக்கு அப்புறம்?"

எழில் தலையைச் சொறிந்தான். "அதுக்கு அப்புறம் ஒலகம் பூரா."

"அப்ப எல்லையத் தாண்டுதா, இல்லையா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழிலும் விடவில்லை. "கரண்டு ஒயரு கூடத்தான் தாண்டுது. அதையும் புடுங்கிட்டு இருட்டுல கூழு ஊத்தலாமா?"

"கரண்டு வந்து இன்னார் செத்தாங்கன்னு சொல்லுமாடா? ஒம் பொட்டி சொல்லுச்சே, போன வருசம்!"

அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. அப்பாதுரை குனிந்து, சுவரிலிருந்து வந்த தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார். மனிதரின் மணிக்கட்டில் கட்டுவதைப் போலவே, மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்து அக்கம்பியின் முனையில் மூன்று முடிச்சிட்டார்.

அப்பொழுது உள்ளே ஒரு கணினியின் முன் அவருடைய மருமகள் வேதா அமர்ந்திருந்தாள். அவளுடைய கணவன் சரவணகுமார், அப்பாதுரையின் ஒரே மகன், குவைத்தில் லாரி ஓட்டுநராக இருந்தான். அவனிடம் கைப்பேசி இல்லை. மாதத்தில் ஒரு முறை எழிலின் கடைத் தொலைபேசிக்கு அவனே அழைப்பான். இங்கிருந்து அவனை அழைக்க வழியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறையில் நகரத்துக்கு வந்து மின்னஞ்சல் பார்ப்பான். வேதாவுக்கு முகவரியும் கடவுச்சொல்லும் உண்டாக்கிக் கொடுத்தவன் எழில். ஆதலால் அக்கடவுச்சொல் அவனுக்கும் தெரியும். சென்ற பொங்கலின்போது வேதாவின் பெயரில் அவன் விளையாட்டாக ஓர் அஞ்சல் எழுதிக் கேமரா கேட்டான். சரவணகுமாரும் நம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். உண்மை வெளிப்பட்ட நாள் முதல் வேதா எழிலை, "வாடா கேமரா" என்றே அழைத்து வந்தாள்.

அன்றைக்கு அவள் படித்த அஞ்சல் விளையாட்டன்று. எல்லைக்கு அப்பால், போர் ஓயாத அண்டை நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல, சரவணகுமாரின் நிறுவனம் ஓட்டுநர்களைக் கேட்டிருந்தது. சம்பளம் இரட்டிப்பு. சென்ற மாதம் அவ்வழியில் இரண்டு லாரிகள் எரிக்கப்பட்டன என்பதையும் அவன் மறைக்கவில்லை. "நீ போகச் சொன்னால் போவேன், வேண்டாம் என்றால் போகமாட்டேன். உன் வார்த்தைக்காகக் காத்திருப்பேன்" என்று முடித்திருந்தான்.

வேதா எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுபவள். முதலில், காப்புக் கட்டப்போவதால் அது அவிழும் வரை தான் இணையத்தின் பக்கமே வரப்போவதில்லை என்றும், அதுவரை அவன் எந்த முடிவும் எடுக்கலாகாது என்றும் எழுதி அனுப்பினாள். வேண்டாம் என்பதை, அவன் மனம் நோகாதவாறு காரணங்களோடு தனியே எழுத எண்ணி, "என்னாங்க" என்ற சொல்லைத் தட்டி முடித்த வேளையில்தான் கம்பி பிடுங்கப்பட்டது.

"மாமா, ஒரு நிமிசம்..."

"எழுந்து வாம்மா. ஆத்தாளுக்கு நேரம் ஆவுது."

அவள் எழுந்தாள். அவன் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தமையால் அச்சம் கொள்ளவில்லை. கணவன் நலமாகத் திரும்ப வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். அன்று மாலை அவளுடைய வலது மணிக்கட்டில் அப்பாதுரையே காப்புக் கட்டினார்.

வியாழக்கிழமை முற்பகலில் மணிமொழி என்னும் பெண் வேங்கிக்காலிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தாள். அவளுடைய கணவன் பரசுராமனும் சரவணகுமாரும் குவைத்தில் ஒரே நிறுவனத்தில் ஓட்டுநர்கள். ஒரே அறையில் தங்கியவர்கள். கூழுக்காக வேண்டிக்கொண்ட கேழ்வரகைக் கொடுக்க அவள் வந்திருந்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, முகம் மலர வேதாவின் கையைப் பற்றினாள்.

"அக்கா, விசயம் தெரியுமா? அவரு நேத்து எங்க வீட்டுக்குப் போன் பண்ணாரு. சனிக்கிழமையே லாரி கெளம்புதாம். டபுள் சம்பளம்! ஒரே வருசத்துல மாடி எடுத்துடலாம்னாரு. உங்க வீட்டுக்காரரும் கூடப் போறாராம். இனிமே போயிட்டு வந்துதான் போன் பண்ணுவாராம்."

வேதா கையை விடுவித்துக்கொண்டாள். "இல்லயே. காப்பு அவுக்கற வரைக்கும் முடிவு எடுக்காதீங்கன்னு எழுதிருக்கேனே. காத்திருக்கேன்னு அவரும் சொன்னாரே."

"கம்பெனிக்குக் காப்பு தெரியுமாக்கா? நாளைக்குச் சாயங்காலம் எல்லாரையும் டவுனுக்குக் கூட்டினு போயி, ராத்திரி கையெழுத்து வாங்கறாங்களாம். உங்க வீட்டுக்காரரு மட்டும், நெட்டப் பாத்துட்டுதான் போடுவேன்னு சொல்லினு இருக்காராம். எல்லாரும் கிண்டல் பண்றாங்களாம், பொண்டாட்டி தாசன்னு."

மணிமொழி சிரித்தாள். வேதா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் நூல் அதற்குள் வியர்வையில் நனைந்து, தோலில் ஒரு வளையம் போலக் கறை படிந்திருந்தது.

அவள் அப்பாதுரையிடம் சென்றபோது, அவர் கோவிலின் முன் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். அவள் கூறியதை முழுவதும் கேட்டார். கடப்பாரையை மண்ணில் ஊன்றியபடியே நின்றார்.

"ஒரே ஒரு வார்த்த மாமா. வேணாம்னு. அத மட்டும் அனுப்பிட்டு மறுபடியும் கட்டிடலாம்."

"நீ யாரு உசுருக்கு இந்தக் காப்பக் கட்டிருக்க?"

"அவரு உசுருக்குத்தான்."

"அவன் உசுருக்குக் கட்டினத மீறிட்டு, அவன் உசுரக் காப்பாத்தப் போறியா?"

"மாமா, அங்க லாரியக் கொளுத்தறாங்க!"

"அவன் ஒனக்குப் புருசனாவறதுக்கு முன்னாடி எனக்குப் புள்ளம்மா." அவருடைய குரல் தாழ்ந்தது. "எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனைக்கிறியா? பயம் ஜாஸ்தி ஆவத்தான் நான் இத இறுக்கிப் புடிச்சினு கீறேன். நம்ம வீட்டுக்காக ஒயர அவுத்தா, நாளைக்கு ஊரே அவுக்கும். எவன் வீட்டுச் சாவாவது உள்ள வரும். அப்புறம் ஆத்தா எதப் பாத்து நம்ம புள்ளயக் காப்பாத்துவா?"

அவர் கூறியதை வேதாவும் நம்பினாள் என்பதே அவளுடைய துன்பம். எல்லையைத் தாண்டித் திருவண்ணாமலைக்குச் சென்று வேறொரு கடையில் எழுதலாம். பேருந்தில் அரை மணி நேரமும் ஆகாது. எனினும், காப்புக் கையோடு எல்லைக் கல்லைத் தாண்டி அவள் எடுத்து வைக்கும் அடி, கடலுக்கு அப்பால் அவன் தலையில் விழும் என்ற எண்ணம் அவளுடைய கால்களைப் பிணித்தது.

மாமியார் ராஜம்மாள்தான் ஒரு வழி கூறினாள். அவள் அதிகம் பேசாதவள். வெள்ளிக்கிழமை நண்பகலில், உலக்கையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "எழுந்து வா" என்றாள்.

"எங்க அத்த?"

"எழிலு கடைக்கு. அவன் கையில காப்பு இல்ல. நீ வாசலத் தாண்டாத, பொட்டியத் தொடாத. நீ சொல்லு, அவன் தட்டட்டும். ஒங்கையி தொடலன்னா ஒங்காப்பு மீறல."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். பத்து மாசம் சுமந்தது அவரா நானா?"

ஆண்கள் யாவரும் கூழ் அடுப்புக்கு மண் சுமக்கச் சென்றிருந்த நேரம் அது. எழில் பின்கதவைத் திறந்தான். கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்க்கத் துணியாமல், மஞ்சள் நூலை அப்படியே மேலே நகர்த்திவிட்டு முனையைச் சுவரில் செருகினான். நகர்த்தும்போது வேப்பிலை ஒன்று கிழிந்தது. மோடம் தன் வழக்கப்படி கீச்சிட்டு ஓலமிடத் தொடங்கியது. ராஜம்மாள் பதறிப்போய்த் தன் முந்தானையால் அதை மூடினாள்.

"இன்னாடா இது, பச்சப் புள்ள மாரி கத்துது! வாய மூடுடா அத!"

"அது கத்தினாத்தான் பெரியம்மா லைனு கெடைக்கும்."

வேதா வாசற்படிக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எழில் அவளுடைய அஞ்சல்பெட்டியைத் திறந்தான். புதிய அஞ்சல் ஏதும் இல்லை. அவள் கூறினாள், அவன் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டினான். போக வேண்டாம். இரட்டிப்புச் சம்பளம் வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டாம். அவ்வளவே.

"அனுப்பிடட்டுமா அண்ணி?"

"இரு. இதையும் சேத்துக்கோ. இத எழில்தான் தட்டறான். நான் சொல்லச் சொல்லத் தட்டறான். நான் காப்ப மீறல, பொட்டியத் தொடல."

எழில் திரும்பிப் பார்த்தான். "அது எதுக்கு அண்ணி? வேணாம்னு சொன்னாப் போதாதா?"

"பொய் சேரக் கூடாதுடா. கையில ஆத்தா கீறா. என் பேருல போற கடுதாசில, நான் எழுதின மாதிரி இருந்தா அது பொய்தான?"

"தொடல, மீறலன்னு எழுதுடா, சும்மா கேள்வி கேக்காத" என்று ராஜம்மாளும் மோடத்தை அணைத்தபடியே அதட்டினாள்.

அவன் அதையும் தட்டி அனுப்பினான். குவைத்தில் அப்பொழுது முற்பகல். சரவணகுமார் நகரத்துக்கு வர இன்னும் நேரம் இருந்தது. செய்தி அவனுக்கு முன்பாகவே போய்க் காத்திருக்கும் என்று எழில் கூறினான். வேதா படியிலேயே அமர்ந்துவிட்டாள். வியாழக்கிழமை முதல் அவள் உணவு உண்ணவில்லை என்பது அப்பொழுதுதான் ராஜம்மாளுக்கு நினைவு வந்தது.

மாலையில் அப்பாதுரை கடைக்கு வந்தார். கம்பியைக் கையில் எடுத்தார். இடம் மாறியிருந்த நூலையும் கிழிந்த வேப்பிலையையும் விரலால் தடவினார். யாரையும் அவர் திட்டவில்லை. கம்பியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, "செவ்வாக்கிழம ஆத்தா கால்லேந்து எடுத்துக்கோ" என்று மட்டும் கூறிச் சென்றார்.

அதன்பின் நகரத்துக்குப் போய் வேறு கடையில் பார்த்துவர எழிலும் துணியவில்லை; பதில் வந்ததா என்று அறிய இனி வழியில்லை.

சனிக்கிழமை முழுவதும் காற்று வீசிற்று. மலை உச்சியில் மேகம் அசையாமல் இருந்தது. கேழ்வரகு மாவு கரைக்கும்போது வேதா, "படிச்சிருப்பாருல்ல அத்த?" என்று கேட்டாள். "படிச்சிருப்பான்" என்றாள் ராஜம்மாள். சற்று நேரம் கழித்து வேதா மீண்டும் அதையே கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது ராஜம்மாள் இன்னும் கொஞ்சம் மாவை அள்ளிப் போட்டுக் கரைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்குடங்கள் புறப்பட்டன. மஞ்சள் புடைவை உடுத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு, வேதா முன்வரிசையில் நடந்தாள். சுமங்கலிகள் அவளுடைய காலில் நீர் ஊற்றினார்கள். உடுக்கை ஒலித்தது. குடத்தில் பால் தளும்பாமல் அவள் நடந்ததைக் கண்டு, "குறை வெக்கல, ஆத்தா ஏத்துக்கினா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அன்று கூழ் வார்த்தல் எவ்விதத் தடையுமின்றி நிறைவேறியது. சென்ற ஆண்டு குழியில் ஊற்றிய ஊர், இவ்வாண்டு வயிறாரக் குடித்தது. அப்பாதுரை மட்டும் ஒரு குவளைக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நெடுநேரம் நின்றார்.

திங்கட்கிழமை பௌர்ணமி. மாலை முதல் கிரிவலம் வருவோர் எங்கள் ஊரின் வழியே வெள்ளமாகச் சென்றனர். எந்தெந்த ஊர்க்காரர்களோ எங்கள் எல்லைக்குள் நுழைந்தார்கள், எல்லையைக் கடந்து போனார்கள். அவர்கள் இடுப்பில் கைப்பேசிகள் ஒலித்தன. அவற்றுள் ஒன்றேனும் தன்னைத் தேடி ஒலிக்கலாகாதா என்று எண்ணியவள் போல வேதா வாசலில் நின்றாள். ஒலித்துவிடலாகாதே என்று எண்ணியவளும் அவளே. ஒவ்வொரு மணியோசைக்கும் அவளுடைய இடது கை, வலக்கையிலிருந்த காப்பை மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலையில், ஊர் நுழைவில் உள்ள வளைவின் அருகே மணிமொழி வந்து இறங்கினாள். அவளுடைய தலை வாரப்படவில்லை. செருப்பும் இல்லை. அப்பொழுது அங்கே வேப்பிலைத் தோரணத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாதுரை, அவளைக் கண்டதும் தோரணத்தை விட்டுவிட்டு விரைந்து சென்றார். நானும் வேறு இருவரும் அருகில் நின்றோம்.

"பெரியவரே..." என்று அவள் வாய் திறந்தாள்.

"சொல்லாத."

"இல்லீங்க, எங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரு..."

"சொல்லாதன்னு சொல்றேன்ல!" அவர் இரு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ இன்னா கொண்டாந்தியோ அத வாயிலயே வெச்சிக்கோ. சாயங்காலம் காப்பு அவுக்கறோம். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. எம் மருமவளுக்கும் ஒண்ணும் தெரியாது. போம்மா. ஒன்னக் கும்புடறேன், போயிடு."

அவர் உண்மையாகவே கும்பிட்டார். மணிமொழி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள். எங்களில் எவரும் அவளைத் தடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும்; தெரிந்தபின் அன்று மாலை அம்மன் தேர் நகர்ந்திராது.

இதை வேதா தன் வீட்டு வாசலிலிருந்து கண்டாள். தொலைவு மிகுதியானதால் சொற்கள் கேட்கவில்லை.

"அத்த, மணிமொழி ஏன் வந்துட்டு அப்படியே போறா?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்" என்றாள் ராஜம்மாள். பிறகு அவள் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் அம்மன் வீதியுலா முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். தலைமை வீட்டாருக்கே முதலில் அவிழ்ப்பது மரபு. எனினும் அப்பாதுரை மற்றவர்களை முதலில் அழைத்தார். ஒவ்வொருவராக வந்து கையை நீட்டிச் சென்றனர். இருட்டத் தொடங்கியது. கடைசியில் வேதா ஒருத்தியே நின்றாள்.

"எனக்கும் அவுத்துடுங்க மாமா. பதில் வந்துருக்கும், பாக்கணும்."

அவர் முடிச்சைப் பிடித்தார். அது இறுகிப் போயிருந்தது. கத்தியால் அறுத்துவிடலாம் என்று பூசாரி கூறியும் அவர் கேட்கவில்லை. நகத்தால் நெடுநேரம் நெருடினார். அவர் வேண்டுமென்றே காலம் கடத்துகிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் நூல் தானாகவே இற்று அறுந்தது. அவளுடைய மணிக்கட்டில் மஞ்சள் வளையம் மட்டும் எஞ்சியது.

அம்மன் காலடியிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு எழில் முன்னே ஓடினான். வேதா பின்னே ஓடினாள். அப்பாதுரையும் நானும் நடந்து வந்து கடையின் வாசலில் நின்றோம். ராஜம்மாள் வரவில்லை.

மோடம் கீச்சிட்டது. இம்முறை அதை எவரும் மூடவில்லை. வேதா நாற்காலியில் அமர்ந்து, தன் கையாலேயே கடவுச்சொல்லைத் தட்டினாள். வெள்ளிக்கிழமை மாலையில் வந்த அஞ்சல் ஒன்று காத்திருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"டேய் எழிலு, பொங்கலுக்கு ஒரு வாட்டி ஏமாந்தேன். மறுபடியும் ஏமாற மாட்டேன்டா கேமரா. நீயேதான் தட்டறேன்னு நீயே எழுதிட்ட, திருட்டுப் பயலே. காப்புக் கட்டின கையோட வேதா உன் கடைப் பக்கம் வரமாட்டா. எனக்கு அவளத் தெரியும். வரமாட்டேன்னு அவளே எழுதிட்டா, அவ சொன்னா சொன்னதுதான். வேதா, இத நீ செவ்வாய்க்கிழமதான் படிப்ப. கம்பெனி காத்திருக்கல. கையெழுத்துப் போடப் போறேன். வேணாம்னு நீ ஒரு வார்த்த எழுதிருந்தா சத்தியமா போயிருக்க மாட்டேன். நாலு நாள்ல திரும்பிடுவேன். கூழு எனக்கும் சேத்துக் குடிச்சிருப்ப."

எழில் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே அமர்ந்தான். வேதா அழவில்லை. விசைப்பலகையின் மேல் குனிந்து, எழுத்துகளைத் தேடித் தேடி, "நான்தாங்க சொன்னேன்" என்று தட்டி அனுப்பினாள். பிறகு, இன்னும் ஏதேனும் வருமோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் வரவில்லை.

"கட் பண்ணிடு எழிலு" என்றார் அப்பாதுரை. "போனு வரணும்."

எழில் இணைப்பைத் துண்டித்தான். துண்டித்த உடனே, கதவுக்கு வெளியே காத்து நின்றதைப் போல, தொலைபேசி ஒலித்தது.

எழில் எழவில்லை. வேதாவும் கையை நீட்டவில்லை. அப்பாதுரை உள்ளே வந்து தொலைபேசியை எடுத்தார். கடை சிறிது; அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அது பரசுராமனின் குரல்.

"யாரு, எழிலா? ஞாயித்துக்கிழமேந்து இந்த நம்பருக்குப் போட்டுனே கீறேன், எடுக்கவே இல்ல. மணிமொழிய அனுப்பினேனே, வந்து சொல்லலையா?"

"நான் சரவணன் அப்பா பேசறேன்."

மறுமுனையில் அக்குரல் அழுதது.

"ஐயா... அவன் வண்டி முன்னாடி போச்சு. என் வண்டி பின்னால. சனிக்கிழம ராத்திரி... வண்டியோட எரிச்சிட்டாங்க ஐயா."

சனிக்கிழமை இரவு. பால்குடம் புறப்படுவதற்கு முன்பு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஆகிய மூன்று நாட்களும் எங்கள் ஊருக்குத் தீட்டில்லை. கூழ் வார்த்தோம், தேர் இழுத்தோம், அவள் நெற்றியில் குங்குமத்தோடு நடந்தாள். எதுவும் தடைப்படவில்லை.

அப்பாதுரை தொலைபேசியை வைத்துவிட்டு மருமகளின் பக்கம் திரும்பினார். அவளுக்கு அவர் எதையும் கூறவேண்டியிருக்கவில்லை. வேதா தன் மணிக்கட்டின் மஞ்சள் கறையை மற்றொரு கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள், அது போகவில்லை. எழிலின் கடைச் சுவரில் கடிகாரம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் வழக்கப்படி, சரவணகுமாரின் தீட்டு தொடங்கிய நேரத்தை நானே அதில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஆகஸ்டு பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி ஆறு நிமிடம்.